கிளியூருக்கு மேலே ஓர் ஆலயம்: மலைநிலத்தில் வழிபாட்டு இடத்துக்கு அனுமதி தருவது எப்படி?

ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூர் அருவிக்கு உயிர் வரும். ஏரியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, 300 அடி உயரத்திலிருந்து பள்ளத்தாக்குக்குள் விழுகிற அந்தத் தண்ணீர் எங்கோ ஒரு காட்டு ஊற்றில் தனியாகப் பிறந்து வருவதில்லை. மேலே ஊரில் பெய்த மழை, கூரைகளில் வழிந்த மழை, காபித் தோட்டத்து வாய்க்கால்களில் ஓடிய மழை எல்லாம் ஏரியில் கூடி, உபரி நீராகக் கிளம்பி, கிளியூரில் வந்து விழுகிறது. மேட்டில் ஒருவர் தரையை மூடினால் பள்ளத்தில் இன்னொருவருக்குத் தண்ணீர் கலங்கும். மலையில் இரண்டு மனைகளுக்கு நடுவே வேலி போடலாம், தண்ணீருக்குப் போட முடியாது.

இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு சபையோ பங்கோ புதிதாக ஓர் ஆலயம் கட்ட விரும்பினால், அந்த விண்ணப்பத்தை எப்படிப் பரிசீலிக்க வேண்டும்? இடத்தின் நிலப் பயன்பாட்டை யார் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கத் தவறுகிறார்கள்? ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையை மையமாக வைத்து, தமிழ்நாட்டின் விதிகள், நீதிமன்றங்கள் வரை போன சில வழக்குகள், வெளிநாடுகளின் அனுபவம் ஆகியவற்றோடு இந்தக் கேள்வியை முழுமையாகப் பார்க்க முயல்கிறது இக்கட்டுரை. என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆலயம் கட்ட அனுமதி கேட்டு வரும் கோப்பில் நாம் கட்டுகிறவரின் மதத்தைப் பற்றி அதிகம் விசாரிக்கிறோம், கட்டப்போகும் மண்ணைப் பற்றிக் குறைவாக விசாரிக்கிறோம். இந்த வரிசை மாற வேண்டும்.

மலை என்னும் நிலம்

சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடினப் பாறையால் ஆனது. அந்தப் பெயருக்கே ஒரு தேவாலயத் தொடர்பு உண்டு. கல்கத்தாவில் குடியேற்றம் அமைத்த ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்குள்ள புனித யோவான் ஆலய வளாகத்தில் இருக்கிறது. சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல்லில் செய்த அந்தக் கல்லறையை வைத்தே, 1893-ல் புவியியலாளர் ஹாலண்ட் இந்தப் பாறை வகைக்குப் பெயர் சூட்டினார். ஏற்காட்டில் அந்தப் பாறையின் மேல், மலையின் உச்சிப் பரப்புகளில், பல யுகங்கள் மழையில் ஊறி உருமாறிய பாக்சைட் படிவம் தொப்பி போலக் கவிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக நெடுங்காலம் வெட்டப்பட்டது இந்தப் படிவம்தான்.

கட்டடம் கட்டுகிறவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் எளிது. மேலே உள்ள துளை மிகுந்த படிவமும் மக்கிய மண்ணும் மழையைக் குடிக்கும். கீழே உள்ள பாறை குடிக்காது. இரண்டும் சந்திக்கும் கோட்டில் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து, சரிவில் எங்கோ ஊற்றாகக் கசியும். மலைக் கிராமங்களின் குடிநீர் அப்படித்தான் கிடைக்கிறது. சமதளம் உண்டாக்கச் சரிவை வெட்டும்போது இந்தக் கோட்டையும் வெட்டிவிடுகிறோம். ஊற்று இடம் மாறும், அல்லது வெட்டிய சுவரில் தண்ணீர் அழுத்தி மண்ணைத் தள்ளும்.

ஏற்காட்டில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 500 சதுர மீட்டர் கூரையும் 1,000 சதுர மீட்டர் சிமெண்ட் போட்ட வாகன நிறுத்தமும் கொண்ட நடுத்தரமான ஓர் ஆலய வளாகத்தை மனதில் வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதும் 22.5 லட்சம் லிட்டர் மழை அந்தத் தரையில் இறங்க முடியாமல் வெளியே ஓடும். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் ஒன்றரை லட்சம் லிட்டர். அது எந்தப் பக்கம் போகும் என்பதுதான் மலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஏற்காட்டின் மலைப்பாதையில் மண்ணைச் சரித்துப் போக்குவரத்தை நிறுத்தியது. அதே மழையில் திருவண்ணாமலையின் அடிவாரத்தில் வீடுகள் புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அதற்கு நான்கு மாதம் முன்னால், ஜூலை 30 அன்று, வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு அழித்தது. ‘எங்கள் மலை கெட்டியான பாறை’ என்று யாரும் நிம்மதியாக இருக்க முடியாத காலம் இது.

நிலத்துக்குச் சட்டத்தின் கண்ணிலும் பல முகங்கள் உண்டு. ஒரு மனை பழைய காபித் தோட்டத்தின் துண்டாக இருக்கலாம். காபித் தோட்டங்களுக்கு 1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த விலக்கு, அவை தோட்டமாக இருப்பதற்காகக் கிடைத்தது. இன்னொரு மனை மலையாளி பழங்குடியினருக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டாவாக இருக்கலாம். மற்றொன்று ஓடைப் புறம்போக்கைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மரம் வெட்ட வேண்டியிருந்தால் 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி ஏற்காடு. ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகையால் மத்திய இந்தியாவின் பழங்குடிப் பகுதிகளில் கிராம சபைக்கு நிலத்தின் மீது உள்ள தனி அதிகாரம் இங்கே இல்லை. நிலம் யாருடையது, எந்த நிபந்தனையோடு வந்தது என்பதை வருவாய்த் துறையின் பதிவேடு ஒன்றுதான் காக்கிறது. அந்தப் பதிவேட்டைப் புரட்டாமல் தொடங்கும் பரிசீலனை எதுவும் பரிசீலனை ஆகாது.

கோப்பு ஏறி இறங்கும் மேசைகள்

ஆலயம் கட்டும் விண்ணப்பம் மூன்று மேசைகளைக் கடக்க வேண்டும்.

முதல் மேசை மாவட்ட ஆட்சியருடையது. பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு ஆட்சியரின் முன் அனுமதி இல்லாமல் எந்த மனையையும் பயன்படுத்தக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டின் நகராட்சிக் கட்டட விதிகளும் 1997-ஆம் ஆண்டின் ஊராட்சிக் கட்டட விதிகளும் சொல்லின. பொது அமைதிக்கும் ஒழுங்குக்கும் கேடு வரும் என்று கருதினால் அவர் மறுக்கலாம். 2019-ல் எல்லா உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. கோவில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இது பொது. நடைமுறையில் ஆட்சியர் காவல்துறையிடமும் கோட்டாட்சியர், வட்டாட்சியரிடமும் அறிக்கை கேட்பார். அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை உண்டா, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வருமா என்பதே அந்த அறிக்கைகளின் மையம்.

இரண்டாவது மேசை நகர் ஊரமைப்புத் துறையுடையது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நிலத்தின் பயன்பாடு, கட்டடத்தின் அளவு, பக்கவாட்டு இடைவெளி, வாகன நிறுத்தம் ஆகியவற்றை அது பார்க்கும். மலையில் இதோடு இன்னொரு குழுமமும் சேர்ந்துகொள்கிறது. 1990-ல் அரசாணை மூலம் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை ‘ஹாக்கா’ என்றே எல்லாரும் சொல்வார்கள். ஏற்காடு அதன் பட்டியலில் உள்ள ஊர். மலையிடத்தில் அனுமதி கேட்டால் வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை ஆகியவற்றின் தடையின்மைச் சான்றுகள் தேவை. காட்டுக்கு எவ்வளவு தூரம், பாறையும் சரிவும் தாங்குமா, மண் அரிக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கான மூன்று துறைகள் அவை. மூன்றாவது மேசை ஊராட்சியுடையது. வரைபட அனுமதியும் அதன் பிறகான கண்காணிப்பும் அங்கே.

தாளில் பார்த்தால் இது நல்ல ஏற்பாடு. குறை எங்கே இருக்கிறது? முதல் மேசையில்தான் உண்மையான போராட்டம் நடக்கிறது. வாய்ச்சண்டை, மனு, மறுமனு, வழக்கு எல்லாம் ஆட்சியரின் அனுமதியைச் சுற்றியே. அது கிடைத்துவிட்டால் போரில் வென்றதாகவும், கிடைக்காவிட்டால் உரிமை பறிபோனதாகவும் எல்லாரும் எண்ணிக்கொள்கிறார்கள். மண்ணைப் பற்றிய மேசை வெறும் சடங்காகத் தேய்கிறது. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானங்களைத்தான் தொடுகிறது. ஒரு மலைக் கிராமத்தில் எழும் ஆலயம் அந்த அளவை நெருங்கவே நெருங்காது. ஆக, மலையிடப் பரிசீலனை ஒன்றுதான் நிலத்துக்கு இருக்கும் ஒரே காவல். அதுவும் சடங்கானால் வேறு காவல் கிடையாது.

‘பொது அமைதி’ என்னும் ஒரு சொல்

ஆட்சியரின் அதிகாரத்தை முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். 1982 மார்ச் மாதம் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் நடந்த மோதலும் துப்பாக்கிச் சூடும் தமிழ்நாட்டின் நினைவில் ஆறாத வடு. அதை விசாரித்த நீதிபதி வேணுகோபால் ஆணையத்துக்குப் பிறகு, வழிபாட்டு இடங்கள் அமைவதை அரசு இன்னும் கவனத்தோடு பார்க்கத் தொடங்கியது. எங்கே எது கட்டினால் பகை மூளும் என்று முன்கூட்டி யோசிப்பது நிர்வாகத்தின் கடமைதான்.

ஆனால் பொது அமைதி என்ற அளவுகோலுக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. எதிர்க்கிறவர்களின் குரல் எவ்வளவு உரக்க ஒலிக்கிறதோ அவ்வளவு அமைதிக்குக் கேடு என்று அது கணக்கிட்டுவிடும். நாற்பது பேர் கூடி மனு கொடுத்தால் ‘பிரச்சினைக்குரிய இடம்’ ஆகிவிடும். நியாயமான காரணம் எதுவும் அந்த மனுவில் இல்லாமலிருக்கலாம். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு வழிபடும் உரிமையைத் தருகிறது. 26-ஆம் பிரிவு சமயப் பிரிவினர் தங்கள் நிறுவனங்களை அமைத்து நடத்தவும் சொத்து வைத்துக்கொள்ளவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்ட உரிமைகள் அவை. சுகாதாரம் என்ற சொல் அங்கே எழுதியே இருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். ஆனாலும் கோப்புகளில் அதிகம் பேசப்படுவது பொது ஒழுங்கு மட்டுமே.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. கழிவுநீர்த் தொட்டி எங்கே வைப்பீர்கள் என்று ஒருவர் நேர்மையாகக் கேட்டால்கூட, அதை மத வெறுப்பு என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் வளர்ந்துவிட்டது. நிலத்தின் பெயரைச் சொல்லி மதத்தை மறுப்பதும், மதத்தின் பெயரைச் சொல்லி நிலத்தை மறைப்பதும் ஒரே அளவு தீங்கு. இரண்டையும் தடுக்க ஒரே வழி, கேள்விகளை அளக்கக்கூடியவையாக மாற்றுவது.

அண்டை நாடான இலங்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 2008 அக்டோபரில் அங்கே சமய விவகார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. புதிய வழிபாட்டு இடம் எதுவானாலும் அமைச்சின் ஒப்புதல் வேண்டும் என்றது. பல ஆண்டுகளாக இயங்கிவந்த சிறிய சுவிசேஷ சபைகளையும் மூடச் சொல்வதற்கு அந்தச் சுற்றறிக்கை உள்ளூரில் ஆயுதமாகப் பயன்பட்டது. அளவுகோல் தெளிவாக இல்லாத ஒப்புதல் அதிகாரம் வலியவர் கைக்குத்தான் போகும்.

ஓசையை அளந்த வழக்கு

அளக்கக்கூடிய கேள்வி எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் ‘சர்ச் ஆஃப் காட்’ என்னும் பெந்தெகொஸ்தே சபையின் ஜெபக்கூடம் இருந்தது. டிரம்ஸ், கிடார், ஒலிபெருக்கியோடு ஆராதனை நடக்கும். கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கம் உயர் நீதிமன்றம் சென்றது. சபையின் வாதம் கவனிக்கத்தக்கது. சத்தத்துக்குப் பெருங்காரணம் நெடுஞ்சாலை வாகனங்கள் என்றும், சிறுபான்மையினர் என்பதால் குறிவைக்கப்படுகிறோம் என்றும் அவர்கள் சொன்னார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்பானது. பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பில் நான் மதிப்பது, அது ஜெபக்கூடத்தை மூடச் சொல்லவில்லை என்பதைத்தான். ஒலி அளவைக் கட்டுக்குள் வைக்கச் சொன்னது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. இந்த எண்ணுக்கு மதம் கிடையாது. கோவில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கிக்கும், பாங்குக்கும், ஆலயமணிக்கும், ரிசார்ட்டில் நடக்கும் கல்யாண டி.ஜே.வுக்கும் அதே அளவுமானி. பள்ளத்தாக்கில் ஓசை எதிரொலித்து வெகுதூரம் போகும் என்பதால், கிளியூர் போன்ற இடத்தில் கூடத்தின் வாசல் எந்தத் திசையைப் பார்க்கிறது, சுவர் எவ்வளவு கனம் என்பதை வரைபடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு அளவுமானியோடு போனால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

ஞாயிறு காலை

தேவாலயத்துக்கு நிலப் பயன்பாட்டில் ஒரு தனி இயல்பு உண்டு. வாரத்தின் பெரும்பகுதி அமைதியாக இருந்துவிட்டு, ஞாயிறு காலை சில மணி நேரம் அது நிரம்பி வழியும். ஆண்டுத் திருவிழா, நவநாள், கிறிஸ்துமஸ், புனித வாரம் என்றால் கூட்டம் பல மடங்கு. சராசரியை வைத்து வாகன நிறுத்தம் கணக்கிட்டால் எப்போதும் தவறாகும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் பாதையில் ஞாயிறு என்றாலே சுற்றுலா வாகனங்கள். மே மாதக் கோடை விழாவிலும் சேர்வராயன் கோவில் திருவிழாவிலும் மலையே மூச்சுத் திணறும். அந்த நெரிசலோடு சேர்த்துத்தான் புதிய ஆலயத்தின் கூட்டத்தையும் எண்ண வேண்டும். ஆம்புலன்ஸ் போக வழி இருக்குமா என்பதே அந்தக் கணக்கின் கடைசி வரி.

இங்கிலாந்தில் லெச்மோர் ஹீத் என்ற சிறு கிராமத்தில் இது போன்ற ஒரு பிணக்கு இருபதாண்டுக்கும் மேல் இழுத்தது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1973-ல் ஹரே கிருஷ்ணா இயக்கத்துக்கு வாங்கிக்கொடுத்த மாளிகை, பக்திவேதாந்த மேனர் என்ற கோவிலாயிற்று. கிருஷ்ண ஜயந்தி நாளில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் கிராமத்தின் ஒற்றைச் சாலையில் புகுந்தன. உள்ளாட்சி மன்றம் பொது வழிபாட்டைத் தடுக்க நடவடிக்கை எடுத்தது. மேல்முறையீடுகள் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் வரை போய்த் தோற்றன. கடைசியில் 1996-ல் கிடைத்த தீர்வு மிக எளிமையானது: கிராமத்துக்குள் நுழையாமல் நெடுஞ்சாலையிலிருந்து கோவிலுக்கு நேரே போகும் தனிப் பாதை. அந்தப் பாதைக்கு அனுமதி கிடைத்ததும் கோவிலும் நிலைத்தது. இருபதாண்டுகள் மதச் சுதந்திரம் என்று பேசப்பட்ட வழக்கின் உள்ளே இருந்தது ஒரு சாலைப் பிரச்சினை. முதல் ஆண்டிலேயே அதைச் சாலைப் பிரச்சினையாகப் பார்த்திருந்தால் எத்தனை கசப்பு மிச்சமாகியிருக்கும்!

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து போர்னி நகரில் 1923-ல் கட்டிய புனித பேதுரு ஆலயத்தில் 230 பேர்தான் அமரலாம். சில ஞாயிறு பூசைகளில் நாற்பது முதல் அறுபது பேர் வரை இடமில்லாமல் நின்றார்கள். விரிவாக்க அனுமதி கேட்டபோது, அது பழமை காக்கும் பகுதி என்று நகரம் மறுத்தது. 1997-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பிறகு இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, பழைய கட்டடத்தின் பெரும்பகுதியைக் காத்தபடியே விரிவாக்கம் செய்துகொண்டார்கள். 2000-ஆம் ஆண்டு அந்நாட்டில் சமய நிலப் பயன்பாட்டுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. அதில் நமக்கு மிகவும் பயன்படும் கொள்கை ஒன்று உண்டு: மக்கள் கூடும் மதச்சார்பற்ற இடத்துக்கு வைக்காத நிபந்தனையை வழிபாட்டு இடத்துக்கு வைக்கக் கூடாது. ஏற்காட்டில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஐம்பது அறை ரிசார்ட்டுக்கு எளிதில் அனுமதி தரும் சரிவில் நூறு பேர் அமரும் ஜெபக்கூடத்தை மறுத்தால், அங்கே காக்கப்படுவது மலையல்ல. அதே சமயம் ரிசார்ட்டுக்குத் தகாத சரிவு ஆலயத்துக்கும் தகாது.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. வழிபாட்டுக்கான மனைகளை நகரத் திட்டத்திலேயே முன்கூட்டி ஒதுக்கி, பெரும்பாலும் 30 ஆண்டுக் குத்தகைக்கு விடுகிறது. குடியிருப்பு வந்த பிறகு இடம் தேடி அலையும் சண்டை அங்கே குறைவு. அரசே நிலம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் தீவுக்குப் பொருந்தியது நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மலைக்கான திட்ட வரைபடத்தில் பள்ளிக்கும் சந்தைக்கும் இடம் குறிப்பது போல் வழிபாட்டுக்கும் உறுதியான தரையைக் குறித்து வைக்கலாம் என்ற எண்ணம் எடுத்துக்கொள்ளத்தக்கது.

கட்டிய பிறகு வளர்வது

ஆலயம் அப்படியே நின்றுவிடுவதில்லை. முதலில் கூடம், பிறகு குருமனை, பிறகு மறைக்கல்வி வகுப்பறை, கெபி, சமூகக்கூடம், விடுதி, தியான இல்லம், சில இடங்களில் கல்லறைத் தோட்டம். ஏற்காட்டில் கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917 முதல் இயங்குகிறது. மலையின் கல்வியிலும் மருத்துவத்திலும் துறவு சபைகளின் பங்கை யாரும் மறுக்க முடியாது. அந்த வரலாறே ஒரு பாடமும் சொல்கிறது: வழிபாட்டு இடத்தோடு எப்போதும் வேறு தேவைகளும் சேர்ந்து வளரும். ஆகவே இருபதாண்டுக்கான வளாகத் திட்டத்தை முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். கூடத்துக்கு மட்டும் கணக்கிட்ட கழிவுநீர்த் தொட்டி தியான இல்லம் வந்ததும் போதாது. மண் ஆழமில்லாத பாறைச் சரிவில் அந்தக் கழிவு வெடிப்புகளின் வழியே யாருடைய ஊற்றிலோ போய்ச் சேரும்.

கல்லறைத் தோட்டத்துக்கு விதி தெளிவாகவே இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சமவெளியில் கிணறு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்து அளக்கலாம். மலையில் குடிநீர் ஆதாரம் என்பது கோடையில் காய்ந்து மழையில் கசியும் ஊற்றாக இருக்கலாம். அதை அங்கே பிறந்து வளர்ந்தவர்தான் காட்ட முடியும்.

அனுமதியை மீறிய வளர்ச்சி மலைக்கு என்ன செய்யும் என்பதைக் கொடைக்கானல் காட்டியது. பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் அனுமதித்ததற்கு மேல் தளங்கள் எழுப்பியது. 1994-ல் அரசு அதற்கு விலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடர்ந்து, உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. நீலகிரியில் 1993 முதல் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்ற வரம்பு ஏன் வைக்கப்பட்டது என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது. ஆலயக் கோபுரம் அந்த உயரத்தைத் தாண்டலாமா என்பது ஒவ்வொரு மலையூரிலும் எழக்கூடிய கேள்வி. அடியில் அகலமும் எடையும் கொண்ட கோபுரமும், மெல்லிய ஒரு மணிக்கூண்டும் மண்ணுக்கு ஒன்றல்ல. அதை உணர்ச்சியாலன்றிப் பொறியியல் கணக்கால் தீர்க்க வேண்டும்.

வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா யோக மையத்தின் வழக்கும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2006 முதல் 2014 வரை முன் அனுமதியின்றிக் கட்டியதாக 2021 நவம்பரில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. கல்வி நிலையத்துக்கான விலக்கு பொருந்தும் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாரியத்தின் மேல்முறையீட்டை 2025 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கட்டி முடித்துப் பல ஆண்டுகள் கழித்துக் கேட்கும் கேள்விக்கு நீதிமன்றம் தரும் விடை, கட்டடம் எந்த வகையைச் சேர்ந்தது என்ற வரையறையில் போய் நிற்கும். சரிவு தாங்குமா, யானை வழி எது, தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விகள் கட்டுமுன் கேட்டால் மட்டுமே பயன் தரும்.

பொது இடங்களைப் பொறுத்தவரை நாட்டின் நிலை உறுதியாகிவிட்டது. தெரு, பூங்கா போன்ற பொது இடங்களில் அனுமதியின்றிக் கோவிலோ தேவாலயமோ மசூதியோ குருத்வாராவோ எழக் கூடாது என்று 2009 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. மலையில் ஓடைப் புறம்போக்கும் அப்படிப்பட்ட பொது இடம்தான். அங்கே சிலுவை நட்டாலும் சூலம் நட்டாலும் ஓடைக்கு நேர்வது ஒன்றே.

கோப்பில் இருக்க வேண்டியவை

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால், மலையில் ஒரு வழிபாட்டு இடத்துக்கான பரிசீலனை எப்படி அமைய வேண்டும் என்பது துலங்குகிறது.

முதலில் வரிசை. நிலத்தின் தன்மையைப் பற்றிய அறிக்கைகள் முதலில் வரட்டும். பதிவேட்டின்படி நிலத்தின் நிபந்தனை, சரிவின் அளவு, மண்ணின் ஆழம், ஊற்றுகளின் இடம், மழைநீர் வெளியேறும் பாதை, கழிவுநீர் ஏற்பாடு, திருவிழா நாளின் வாகனக் கணக்கு, ஒலி வெளியே போகும் அளவு, இருபதாண்டு வளாகத் திட்டம். இவற்றில் தேறாத மனையை ஆட்சியரின் மேசைக்கு அனுப்பவே வேண்டாம். தேறிய மனைக்குப் ‘பக்கத்தார் ஆட்சேபணை’ என்று மட்டும் சொல்லி மறுக்கவும் வேண்டாம். ஆட்சேபிக்கிறவர் அளக்கக்கூடிய ஒரு தீங்கைக் காட்டட்டும். அதற்கு நிபந்தனையால் பரிகாரம் உண்டா என்று பார்க்கட்டும். கடைசி வழியாக மட்டுமே மறுப்பு இருக்கட்டும்.

அடுத்து சமத்துவம். இதே படிவம் கோவிலுக்கும், மசூதிக்கும், தியான மையத்துக்கும், ரிசார்ட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஒரே சரிவுக்கு இரண்டு நியாயம் இருந்தால் எந்தச் சபையும் அந்தப் பரிசீலனையை நம்பாது. நம்பாததை மீறுவதற்கு மனம் கூசாது.

மூன்றாவது, கட்டுகிறவர்களின் பொறுப்பு. மலைப்பொழிவையும் சீனாய் மலையையும் தங்கள் நம்பிக்கையின் நடுவில் வைத்திருக்கும் மக்களுக்கு, மலையை மதித்துக் கட்டுவது எப்படி என்று வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை என்று நம்புகிறேன். சரிவை வெட்டாமல் படிப்படியாக இறங்கும் தரை, கூரை நீரைச் சேமிக்கும் தொட்டி, சிமெண்ட் போடாத புல்தரை நிறுத்தம், சில்வர் ஓக் மரங்களை விட்டுவைத்த முற்றம். இவற்றோடு வரும் விண்ணப்பம் ஊரின் ஐயத்தில் பாதியை முதல் நாளே கரைத்துவிடும்.

கடைசியாக, தள ஆய்வு நடக்கும் நாள். மலையில் ஆய்வுக்குப் பெரும்பாலும் நல்ல வெயில் நாளில் போகிறார்கள். கோடையில் அந்த மனையில் ஓடை இருப்பதே தெரியாது, வெறும் பள்ளம் போல் கிடக்கும். ஆய்வுக்கு இரண்டு முறை போக வேண்டும் என்று விதியே எழுதிவிடலாம். ஒருமுறை ஐப்பசி மழையில், குடை பிடித்துக்கொண்டு, அந்த ஊரில் தண்ணீர் எடுக்கும் ஒரு மலையாளிப் பெண்மணி வழிகாட்ட. இன்னொரு முறை ஞாயிறு காலை 10 மணிக்கு, மனைக்கு எதிரே சாலையோரம் நின்று. ஊற்று எங்கே கசிகிறது என்று முதல் நாள் தெரியும். வண்டிகள் எங்கே நெருக்குகின்றன என்று இரண்டாம் நாள் தெரியும். இந்த இரண்டையும் பார்த்த பிறகு அதிகாரி எழுதும் குறிப்பு, ஆம் என்றாலும் இல்லை என்றாலும், கட்ட விரும்பும் சபையும் கிளியூரில் தண்ணீர் குடிக்கும் குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கக்கூடியதாக இருக்கும்.